நியூயார்க் நகர சாசனம்: யார் கையில் என்ன அதிகாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாசனம் என்பது சட்டமா, அரசியலமைப்பா?

நகரத்துக்குள் அது அரசியலமைப்பு போல நடந்துகொள்கிறது. நகரத்துக்கு வெளியே பார்த்தால் மாநிலத்துக்குக் கீழ்ப்பட்ட ஒரு சட்டம்தான். எந்தெந்தப் பதவிகள் இருக்க வேண்டும், அவற்றுக்கு ஆள் எப்படி வருவார், ஒருவர் எடுத்த முடிவை யார் தடுக்கலாம், எத்தனை நாளுக்குள் தடுக்க வேண்டும் என்பதையெல்லாம் சாசனம் சொல்கிறது.

ஆனால் உங்கள் வீட்டு வாசலைத் தொடும் சட்டங்கள் பெரும்பாலும் சாசனத்தில் இருக்காது. அவை நிர்வாகச் சட்டத் தொகுப்பில் இருக்கும். அந்தச் சட்டங்களை நடைமுறைப்படுத்தத் துறைகள் எழுதும் விதிகள் மூன்றாவது அடுக்கு. ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டால் மூன்றையும் பார்க்க வேண்டும். யார் முடிவெடுப்பார் என்பதற்குச் சாசனம், என்ன முடிவு என்பதற்குத் தொகுப்பு, எந்தப் படிவம், எத்தனை நாள் என்பதற்கு விதிகள். சாசனத்தை மட்டும் புரட்டிவிட்டு "இப்படி ஒரு சட்டமே இல்லை" என்று முடிவு கட்டுவதுதான் புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இது எவ்வளவு பழையது?

1686இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பெயரால் ஆளுநர் தாமஸ் டாங்கன் நியூயார்க்குக்கு ஒரு சாசனம் அளித்தார். அதே மன்னரின் ஆட்சியில், அவருடைய அதிகாரத்தின் பேரில், கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30 அன்று சென்னப்பட்டணத்துக்கும் ஒரு சாசனம் தந்தது. மேயர், ஆல்டர்மன்கள் என்ற பதவிகளோடு சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று பிறந்தது அதன்படிதான். ஒரே மன்னர் காலத்தில், இரண்டு ஆண்டு இடைவெளிக்குள், இரண்டு துறைமுக ஊர்களுக்குச் சாசனம் கிடைத்தது.

அதன் பிறகு வழிகள் பிரிந்தன. நியூயார்க் மக்கள் 1834இல் முதன்முறையாக மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1898 ஜனவரி 1 அன்று மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் ஆகிய ஐந்து பரோக்களும் (நகரத்தின் பெரும்பகுதிகள்) ஒரே நகரமாயின.

சென்னை மேயரும் நியூயார்க் மேயரும் ஒரே மாதிரிப் பதவியில்தான் இருக்கிறார்களா?

பெயர் மட்டும்தான் ஒன்று. சென்னையில் நிர்வாகத்தை நடத்துபவர் ஆணையர், அவரை நியமிப்பது மாநில அரசு. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். 1996இல் மக்கள் நேரடியாக வாக்களித்து மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் 200 கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நியூயார்க்கில் ஆணையர் என்று தனியாக ஒருவர் இல்லை. காவல், தீயணைப்பு, சுகாதாரம், குப்பை, பூங்கா என ஒவ்வொரு துறைக்கும் ஒரு கமிஷனர் உண்டு. அவர்களில் பெரும்பாலோரை மேயர் நினைத்தால் நியமிக்கலாம், நினைத்தால் நீக்கலாம். காவல்துறைத் தலைவரை நியமிக்கக்கூட நகர மன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. நகரத்தின் தலைமை வழக்கறிஞர், புலனாய்வுத் துறைத் தலைவர், நகரத் திட்டக் குழு உறுப்பினர்கள் போன்ற சிலருக்கு மட்டும் மன்றம் சம்மதிக்க வேண்டும்.

இப்போதுள்ள அமைப்பு எப்போது வந்தது?

1989இல், நீதிமன்றம் கட்டாயப்படுத்தியதால் வந்தது. அதற்கு முன் நிலம், ஒப்பந்தம், பட்ஜெட் ஆகிய மூன்றிலும் கடைசி வார்த்தை மதிப்பீட்டு வாரியம் என்ற எட்டுப் பேர் குழுவினுடையது. மேயர், கம்ப்ட்ரோலர் (நகரத்தின் நிதிக் காவலர்), மன்றத் தலைவர் மூவருக்கும் தலா 2 வாக்கு, ஒவ்வொரு பரோவின் தலைவரான பரோ பிரசிடென்ட்கள் ஐவருக்கும் தலா 1 வாக்கு. புரூக்ளினில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள், ஸ்டேட்டன் ஐலண்டில் 4 லட்சம்கூட இல்லை. வாரியத்தில் இரண்டுக்கும் ஒரே எடை. ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்ற நெறியை இது மீறுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்த நவம்பரிலேயே மக்கள் வாக்களித்துப் புதிய சாசனத்தை ஏற்றார்கள்.

வாரியம் ஒழிந்ததும் அதன் அதிகாரம் எங்கே போனது என்று பார்த்தால்தான் இன்றைய அமைப்பு விளங்கும். ஒப்பந்த அதிகாரம் மேயரிடம் போனது. நிலப் பயன்பாடும் பட்ஜெட்டும் 35இலிருந்து 51 உறுப்பினராக விரிந்த நகர மன்றத்திடம் போயின. பரோ பிரசிடென்ட்களிடம் மிஞ்சியது பெரும்பாலும் ஆலோசனை சொல்லும் உரிமைதான்.

ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது?

மன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவருவார். குழு விசாரணை நடக்கும், பொதுமக்கள் பேசலாம். இறுதி வடிவம் உறுப்பினர்களின் கைக்குப் போய், ஞாயிறு நீங்கலாக 7 நாள் கழிந்த பிறகே வாக்கெடுப்பு நடத்த முடியும். அவசரம் என்று மேயர் சான்றளித்தால் மட்டும் விதிவிலக்கு. 26 வாக்கு கிடைத்தால் நிறைவேறும்.

அடுத்து மேயருக்கு 30 நாள். கையெழுத்திடலாம், வீட்டோ செய்யலாம், சும்மாவும் இருக்கலாம். சும்மா இருந்தாலும் அது சட்டமாகிவிடும். "மேயர் கையெழுத்துப் போடவில்லையே, செத்துப்போன மசோதாதானே" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். மேயர் வீட்டோ செய்தால், அது மன்றத்தின் முன் வைக்கப்பட்ட 30 நாளுக்குள் 34 பேர் சேர்ந்து அதை முறியடிக்கலாம்.

மன்றம் நினைத்தாலும் தனியாகச் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிகாரியின் அதிகாரத்தைக் குறைத்தாலோ, மாற்றிக் கொடுத்தாலோ, அந்தப் பதவியையே எடுத்தாலோ, மக்கள் வாக்கெடுப்பில் அது ஜெயிக்க வேண்டும். மேயருக்கும் மன்றத்துக்கும் நடக்கும் வழக்குகளில் பல இந்த ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இந்தச் சட்டம் மேயரின் அதிகாரத்தைக் *குறைக்கிறதா*, அல்லது அவர் அதைப் பயன்படுத்தும் முறையை *ஒழுங்குபடுத்துகிறதா*?

பதவிக்கால வரம்பு இந்தப் பாதுகாப்புக்குள் வராமல் போனது. இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது என்று 1993இல் மக்கள் வாக்களித்தார்கள். 2008இல் மன்றம் 29க்கு 22 என்ற வாக்கில், மக்களைக் கேட்காமலேயே, அதை மூன்று முறையாக்கியது. மைக்கேல் ப்ளூம்பெர்க் மூன்றாம் முறை மேயரானார். நீதிமன்றங்களும் அதைச் செல்லும் என்றன. 2010இல் மக்கள் மறுபடி வாக்களித்து இரண்டாகவே திருப்பினார்கள். மக்கள் வாக்கால் வந்த விதியை மன்ற வாக்கால் மாற்ற முடிந்தது சாசனத்தில் இருந்த பெரிய ஓட்டை என்பதே எங்கள் கருத்து. பதவியில் இருப்பவர்கள் தங்களுக்கே நீட்டித்துக்கொள்ள முடியாதபடி 2010இலேயே அதை அடைத்தார்கள்.

கம்ப்ட்ரோலர் யார்? கணக்குப் பிள்ளையா?

மக்களால் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நிதிக் காவலர். மேயரால் அவரை நீக்க முடியாது. ஒவ்வொரு துறையையும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது தணிக்கை செய்கிறார். நகர ஊழியர்களின் ஐந்து ஓய்வூதிய நிதிகளைப் பாதுகாக்கிறார். ஒப்பந்தங்களைப் பதிவு செய்கிறார்.

இந்தப் பதிவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். துறை கையெழுத்திட்டுவிட்டாலும், கம்ப்ட்ரோலர் பதிவு செய்யும் வரை ஒப்பந்தம் உயிர் பெறாது, பணமும் வராது. தாளெல்லாம் சரியாக வந்தால் அவருக்கு 30 நாள். ஊழல் சந்தேகம் இருந்தால் ஆட்சேபிக்கலாம். முதியோர் மையம், தங்குமிடம் நடத்தும் தொண்டு நிறுவனங்கள் சிக்குவது இங்கேதான். துறை "வேலையைத் தொடங்குங்கள்" என்று சொல்லிவிடும். கோப்போ துறைக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கும். 30 நாள் கடிகாரம் ஓடத் தொடங்குவது கோப்பு கம்ப்ட்ரோலரின் மேசைக்கு வந்த பிறகுதான். அதுவரை சம்பளத்தைக் கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். எனவே ஒப்பந்தம் எடுப்பவர் துறையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்போது கையெழுத்து?" அல்ல, "எந்தத் தேதியில் பதிவுக்கு அனுப்புகிறீர்கள்?" என்பதே.

சாலைப் பள்ளத்தில் விழுந்து அடிபட்டால் யாரிடம் போவது?

அதுவும் கம்ப்ட்ரோலர் அலுவலகம்தான். விபத்து நடந்த 90 நாளுக்குள் இழப்பீட்டுக் கோரிக்கை அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கெடு மாநிலச் சட்டத்தில் வருகிறது. வழக்குப் போட ஓர் ஆண்டும் 90 நாளும் உண்டு, ஆனால் முதல் 90 நாளைத் தவறவிட்டால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு இடங்களில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, அந்தப் பள்ளம் பற்றி நகரத்துக்கு ஏற்கெனவே எழுத்தில் தகவல் போயிருக்க வேண்டும், அதன் பிறகு 15 நாளுக்குள் சரிசெய்யாமல் விட்டிருக்க வேண்டும். அதனால் உங்கள் தெருவில் பள்ளம் கண்டால் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், எழுத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளை விழப்போகும் யாரோ ஒருவருக்கு அது கைகொடுக்கும். இரண்டு, நடைபாதை வேறு, சாலை வேறு. 2003 முதல் நடைபாதைப் பழுதுக்குப் பொறுப்பு பெரும்பாலும் அதை ஒட்டிய கட்டடத்தின் உரிமையாளருடையது. உரிமையாளரே குடியிருக்கும், மூன்று குடும்பம் வரையிலான வீடுகளுக்கு மட்டும் விலக்கு.

பப்ளிக் அட்வகேட், பரோ பிரசிடென்ட் இவர்களால் என்ன பயன்?

பப்ளிக் அட்வகேட் நகரம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குறைகேட்பாளர். மன்றத்தில் மசோதா கொண்டுவரலாம், வாக்களிக்க முடியாது. மேயர் பதவி காலியானால் முதலில் வந்து அமர்பவர் இவர்தான். பரோ பிரசிடென்ட் தன் பரோவில் கம்யூனிட்டி போர்டு எனப்படும் வட்டார ஆலோசனைக் குழுக்களை நியமிக்கிறார், நிலத் திட்டங்கள் பற்றிக் கருத்து சொல்கிறார், கட்டுமான நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்குகிறார். 13 பேர் கொண்ட நகரத் திட்டக் குழுவில் ஐந்து பரோ பிரசிடென்ட்களும் தலா ஒருவரையும், பப்ளிக் அட்வகேட் ஒருவரையும் நியமிக்கிறார்கள். மீதி ஏழு பேர் மேயரின் ஆட்கள். பெரும்பான்மை எங்கே இருக்கிறது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

கம்யூனிட்டி போர்டில் சேர முடியுமா? குடியுரிமை வேண்டுமா?

நகரம் 59 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை சம்பளமில்லாத உறுப்பினர்கள். அவர்களை நியமிப்பவர் பரோ பிரசிடென்ட், அதில் பாதிப் பேர் அப்பகுதி மன்ற உறுப்பினர்கள் முன்மொழிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரு தவணை இரண்டு ஆண்டு. 2018இல் மக்கள் ஏற்ற திருத்தத்தின்படி தொடர்ந்து நான்கு தவணைக்கு மேல் இருக்க முடியாது. 16 வயது நிரம்பியவர்கள்கூடச் சேரலாம். அந்த வட்டாரத்தில் வசிக்க வேண்டும், அல்லது வேலை, தொழில் போன்ற உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். குடியுரிமையைச் சாசனம் நிபந்தனையாக வைக்கவில்லை.

போர்டின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. அதனால் வீண் என்று நினைக்க வேண்டாம். மன்ற உறுப்பினர் ஒரு திட்டத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று முடிவெடுக்கும் முன் முதலில் பார்ப்பது போர்டு எத்தனைக்கு எத்தனை என்று வாக்களித்தது என்பதைத்தான். வெறும் "வேண்டாம்" என்று அனுப்பும் போர்டை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். "ஐந்தாவது மாடியிலிருந்து 10 அடி உள்ளே தள்ளினால் சரி" என்று குறிப்பாக நிபந்தனை எழுதி அனுப்பினால், அது பேரத்தில் கடைசி வரை நிற்கும்.

என் தெருவில் 20 மாடி வரப்போகிறது என்கிறார்கள். எங்கே, எப்போது பேச வேண்டும்?

முதலில் அந்தக் கட்டடத்துக்கு ஜோனிங் (எந்த இடத்தில் எதை, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்ற விதி) மாற்றம் வேண்டுமா என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் அது உரிமைப்படி கட்டுவது, பொது விசாரணையே இருக்காது. தேவை என்றால் யூலர்ப் எனப்படும் சீரான நிலப் பயன்பாட்டு ஆய்வு நடக்கும். அதன் கடிகாரம் இப்படி ஓடும்:

கம்யூனிட்டி போர்டுக்கு 60 நாள். பரோ பிரசிடென்ட்டுக்கு 30. நகரத் திட்டக் குழுவுக்கு 60. நகர மன்றத்துக்கு 50. பிறகு மேயர் வீட்டோ செய்ய 5, மன்றம் அதை முறியடிக்க 10. மொத்தம் 215 நாள், ஏழு மாதம்.

யாராவது தம் நாட்களுக்குள் எதுவும் சொல்லாவிட்டால் திட்டம் அவருக்காகக் காத்திருக்காது, அடுத்த மேசைக்குப் போய்விடும். கோடை விடுமுறையில் போர்டு கூடாத நேரம் பார்த்து விண்ணப்பம் வருவது முன்பு ஒரு சிக்கலாக இருந்தது; 2019 திருத்தத்துக்குப் பிறகு ஜூனிலும் ஜூலை முற்பகுதியிலும் சான்றளிக்கப்படும் திட்டங்களுக்குப் போர்டுக்குக் கூடுதல் நாள் கிடைக்கிறது. கடிகாரம் தொடங்குவது நகரத் திட்டத் துறை விண்ணப்பம் முழுமை என்று சான்றளித்த நாளில். அதற்கு முந்தைய காலத்துக்கு வரம்பு இல்லை, ஓர் ஆண்டுக்கு மேலும் இழுக்கும். கட்டுபவரோடு உயரம், வாடகை பற்றிப் பேசி எதையாவது பெற வேண்டுமென்றால் அந்தக் காலம்தான் பொன்னான நேரம். சான்றளித்த பிறகு, திட்டத்தைச் சிறிதாக்கலாம், ஆய்வின் எல்லையைத் தாண்டிப் பெரிதாக்க முடியாது.

மன்றத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. அந்தத் தொகுதி உறுப்பினர் வேண்டாம் என்றால் மற்ற 50 பேரும் வேண்டாம் என்பார்கள். சாசனத்தில் ஒரு வரிகூட இதற்கு இல்லை, ஆனாலும் எத்தனையோ திட்டங்களின் தலையெழுத்தை இது தீர்மானித்தது. 2025 நவம்பரில் மக்கள் ஏற்ற திருத்தங்கள் இதைத்தான் குறிவைத்தன. சிறிய வீட்டுத் திட்டங்களுக்கு ஒரு குறுகிய பாதை வந்தது. கட்டுப்படியான வாடகை வீடுகளை மன்றம் நிராகரித்தால், மேயர், மன்ற ஸ்பீக்கர், அந்தப் பரோவின் பிரசிடென்ட் மூவர் கொண்ட மேல்முறையீட்டு வாரியத்தில் இருவர் சேர்ந்து அதை மாற்றலாம். எனவே 2025க்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் திட்டம் எந்தப் பாதையில் போகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் கடைசி வார்த்தை யாருடையது?

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கும். சாசனப்படி ஜனவரியில் மேயர் முதல்நிலை பட்ஜெட், ஏப்ரலில் நிர்வாக பட்ஜெட், ஜூனில் மன்றத்தின் ஒப்புதல். நடைமுறையில் பேரம் ஜூன் கடைசி வரை போகும். 2026 நிதியாண்டுக்கு ஏற்கப்பட்ட தொகை சுமார் 11,590 கோடி டாலர்.

மன்றம் செலவைக் கூட்டலாம், குறைக்கலாம், நிபந்தனை போடலாம். ஆனால் வருமானம் எவ்வளவு வரும் என்ற மதிப்பீடு மேயருடையது. பட்ஜெட் சமநிலையில் இருந்தாக வேண்டும் என்பதால், இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்திருப்பவரே கயிற்றின் நுனியைப் பிடித்திருக்கிறார். மேயர் குறைவாக மதிப்பிட்டால் மன்றத்துக்குச் செலவழிக்க இடமே இருக்காது. இதற்கு மாற்றாகத்தான் 1989 சாசனம் சுதந்திர பட்ஜெட் அலுவலகத்தை உருவாக்கியது. அதன் மதிப்பீடு மேயரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், மன்றம் மேசையில் போட்டுப் பேச ஓர் எண் கிடைக்கிறது.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் "ஆல்பனி சம்மதிக்க வேண்டும்" என்கிறார்களே, ஏன்?

நகரம் மாநிலத்தின் படைப்பு. மாநிலத் தலைநகர் ஆல்பனி. சொத்து வரி விகிதத்தை மன்றம் நிர்ணயிக்கலாம், வருமான வரியையும் விற்பனை வரியையும் மாநிலச் சட்டம் இல்லாமல் உயர்த்த முடியாது. சுரங்க ரயிலை நடத்துவது மாநில ஆணையம். பள்ளிகள் மேயரின் கையில் இருப்பது 2002இல் வந்த மாநிலச் சட்டத்தால், அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். தெருவில் வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைக்கக்கூட 2024இல் மாநிலம் அனுமதி தர வேண்டியிருந்தது. தேர்தல் வாக்குறுதி ஒன்றைக் கேட்டால், அது நகரச் சட்டத்தால் முடியுமா, மாநிலச் சட்டம் வேண்டுமா என்று பிரித்துப் பாருங்கள்.

சாசனத்தை யார் மாற்றலாம்?

மன்றம் சாதாரணச் சட்டத்தால் சில பகுதிகளை மாற்றலாம். பெரிய மாற்றங்களுக்குச் சாசனத் திருத்தக் குழு அமைத்து, அதன் கேள்விகளை மக்கள் வாக்குக்கு விடுவார்கள். குழுவை மேயர் அமைக்கலாம், மன்றம் அமைக்கலாம், மனு மூலமும் கேட்கலாம். மேயர் அமைப்பதில் 9 முதல் 15 பேர்.

இதில் ஒரு பிடி மேயரிடம் இருக்கிறது. அவருடைய குழுவின் கேள்விகள் வாக்குச்சீட்டில் ஏறினால், அதே தேர்தலில் மற்றவர்களின் சாசனக் கேள்விகள் இறங்கிவிடும். 1998இல் யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானம் பற்றிய கேள்வி மக்களிடம் வராமல் போனது இப்படித்தான். இந்த விதி மாநிலச் சட்டத்தில் இருப்பதால் நகரத்தால் நீக்கவும் முடியாது. ஆல்பனி இதை மாற்ற வேண்டும். மக்கள் முன் இரண்டு கேள்விகள் போனால் இரண்டுக்கும் பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியும்.

மேயரை இடையில் நீக்க முடியுமா?

மக்கள் திரும்ப அழைக்கும் முறை இங்கு இல்லை. மாநில ஆளுநர் குற்றச்சாட்டுகளை அளித்து, விளக்கம் கேட்டு நீக்கலாம். 30 நாள் வரை இடைநீக்கமும் செய்யலாம். 1932இல் ஆளுநர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விசாரித்துக்கொண்டிருந்தபோது மேயர் ஜிம்மி வாக்கர் ராஜினாமா செய்தார். மேயரால் பணியாற்ற இயலவில்லை என்று அறிவிக்க ஐந்து பேர் குழு ஒன்று உண்டு, அதில் நால்வர் ஒப்ப வேண்டும். பதவி காலியானால் பப்ளிக் அட்வகேட் பொறுப்பேற்று, விரைவில் சிறப்புத் தேர்தலை அறிவிக்க வேண்டும். அதில் வாக்காளர் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தி வாக்களிக்கலாம்.

மன்ற விசாரணையில் நான் பேசலாமா? தமிழில்?

பேசலாம். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பொதுவாக 2 அல்லது 3 நிமிடம்தான் கிடைக்கும். அதிகாரிகள் முதலில் பேசுவார்கள், உங்கள் முறை வரப் பல மணி நேரம் ஆகலாம். காத்திருக்க முடியாவிட்டால், விசாரணை முடிந்து 72 மணி நேரத்துக்குள் எழுத்தில் அனுப்பலாம், அதுவும் பதிவில் சேரும். எழுத்தில் மசோதா எண், எந்தப் பிரிவு, எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று குறிப்பிடுங்கள். மசோதாவைத் திருத்தும் ஊழியர்களுக்கு அதுதான் உதவும்.

நகரத் துறைகள் மொழிபெயர்த்துத் தர வேண்டிய பத்து மொழிகளில் வங்காளமும் உருதும் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கூட்டத்துக்குப் பல நாள் முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். அன்று காலையில் கேட்டால் ஆள் கிடைப்பது அரிது.